வளையத்தில் சிக்கிய டீ கிளாஸ்

"கரண்ட் வர்றவரைக்கும் காத்திருந்தா கிறிஸ்மஸ் போயிப் புது வருசம் வந்துரும். இன்னைக்கு ஒரு மத்தியானத்துக்கு உங்க சட்டியக் குடுப்பீங்களா, கடைக்காரரே?"

கேட்டவர், ஓர் இத்தாலிக்கார அம்மா வீட்டில் சமையல் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண். வாரத்தில் பாதி நாள் எங்கள் கடைக்கு வடை வாங்க வருவார். ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதையை ஒட்டி, நானும் என் அக்காவும் அச்சோ கடை வைத்திருக்கிறோம். எண்ணெயில் பொரிக்கும் எதையும் பர்மாக்காரர்கள் அச்சோ என்பார்கள். எங்களிடம் பருப்பு வடை, சமோசா, சுரைக்காய் பஜ்ஜி. அக்கா மாவு பிசைவாள், பேசுவாள், காசு வாங்குவாள். நான் பொரிப்பேன்.

சரி என்று தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேறொன்று வெளியே வந்துவிடுமோ என்று பயம்.

அந்த வேறொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இத்தாலிக்கார அம்மா பண்டிகை முடிந்ததும் ஊரோடு திரும்பிப் போகிறார். அந்த வீடு காலியானால் இவருக்கு வேலை கிடையாது. மோல்மீனில் இருக்கும் தம்பி, இங்கேயே வந்துவிடு என்று கூப்பிட்டுவிட்டான். கணவர் இறந்து பல வருடமாகிறது, பிள்ளை இல்லை. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. போகாதீர்கள், என்னைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று நான் அவரிடம் கேட்க வேண்டும். அவ்வளவுதான். வடையைப் பொட்டலம் கட்டிக் கட்டிக் கொடுத்து ஒரு மழைக்காலம் முழுவதும் போய்விட்டது. நான் கேட்கவில்லை. அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியாது. அதனால் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவர் அந்த அம்மாவைக் கூட்டிவரப் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"மத்தியானம் பூரா இங்கதான் இருப்பாங்க. நீ கேளு. இல்லேன்னா நான் கேப்பேன்."

"வேணாங்க்கா."

"அப்ப கேளு."

அன்று எனக்கு இருந்த பரபரப்பைச் சொல்லி முடியாது. காலை வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்தோம். பழைய எண்ணெயைக் கொட்டி, சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அக்கா புதுக் கடலை எண்ணெய் ஊற்றினாள். கரி அடுப்பை விசிறிவிட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் பர்மாக்காரர், எங்களோடு பழகிப் பழகிக் கொஞ்சம் தமிழ் பேசுவார். என்னை மட்டும் அவர் பாஷையில் அக்கோ, அதாவது அண்ணன், என்பார்.

"என்ன அக்கோ, சட்டிக்குத் தீபாவளியா?"

நான் விசிறியை வேகமாக ஆட்டினேன். அக்கா சொன்னாள். "கிறிஸ்மஸு. நீங்க கிளாஸ மட்டும் கழுவி வைங்க, ஒண்ணு வேணுமாம்."

இருவரும் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். இத்தாலிக்கார அம்மா உயரம். எங்கள் கடையின் குட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபோது முழங்கால் தாடைக்கு வந்தது. மடியில் ஒரு பெரிய கிண்ணம், மேலே ஈரத்துணி. உள்ளே மஞ்சளாக மாவு. கோதுமை மாவில் முட்டை, வெண்ணெய், சர்க்கரை, ஆரஞ்சுத் தோலின் துருவல், ஒரு மூடி ரம். முட்டை வாசனையும் ஆரஞ்சு வாசனையும் கலந்து வந்தன. அந்தப் பலகாரத்துக்குப் பெயர் ஸ்ட்ரூஃபொலி. அந்த அம்மாவின் ஊரில் கிறிஸ்மஸுக்கு அது இல்லாத வீடு கிடையாதாம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், ரங்கூனில் இதுதான் கடைசிக் கிறிஸ்மஸ் என்று அவர் தமிழில் விளக்கினார். அந்த அம்மா ஆங்கிலம் பேசும். நான் பர்மியப் பள்ளிக்கூடத்தில் நான்காவதோடு நின்றவன். தமிழ் எழுத்தும் கோயில் வகுப்பில் படித்ததுதான். அதனால் எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் எனக்கு வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

"பேரு வாயில நிக்க மாட்டேங்குது," என்றாள் அக்கா. "தேன் சீடைன்னு வச்சுக்குவோம்."

சமோசா தேய்க்கும் பலகையில் மாவைப் போட்டு, கயிறு மாதிரி நீளமாக உருட்டினார்கள். கத்தியால் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கினார்கள். மூன்று பெண்களும் போட்டி போட்டு நறுக்க, பலகையில் குவியல் ஏறியது. நான் எண்ணெயில் ஒரே ஒரு துண்டைப் போட்டுப் பார்த்தேன். அடியில் போய், சிணுங்கிக்கொண்டு மேலே வந்தது. பதமாகக் காய்ந்துவிட்டது.

இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டேன். போட்ட வேகத்தில் பின்னால் தாவி, அலுமினிய மூடியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். சீடை வெடித்து ஒருவருக்கு முகம் வெந்ததைச் சின்ன வயதில் பார்த்தவன் நான்.

இத்தாலிக்கார அம்மா பயந்துபோய் எழுந்துவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்டது. அவர் விளக்கினார். அந்த அம்மா மூடியையும் என்னையும் பார்த்துச் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் வெளியே வந்தார்.

"இது வெடிக்காதாம், கடைக்காரரே. முட்டை போட்ட மாவு. கீழ எறக்குங்க, உங்க மூஞ்சியே தெரியல."

இறக்கினேன். சட்டியைப் பார்த்தால், அடடா, எத்தனை வருடம் பொரித்திருக்கிறேன், அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. தட்டையாகப் போன துண்டுகள் எல்லாம் உருண்டு திரண்டு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, தாமாகவே புரண்டு புரண்டு சிவந்தன. கரண்டி போட வேண்டிய வேலையே இல்லை. நுரை ஓரத்தில் ஒதுங்கி நின்றது. வாரி எடுத்து ஓலைத் தட்டில் கொட்டினால் கலகலவென்று சத்தம். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் வந்து விலை கேட்டார்கள். விற்பதற்கில்லை என்று அக்கா சொல்லிச் சொல்லிக் களைத்தாள். அதுவரை அவள் வாழ்நாளில் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

பாதி மாவு முடிந்திருக்கும். தெரு முழுவதும் "மீ லா பீ" என்று குரல் எழும்பியது. கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். கரண்ட் வந்தால் எங்கள் தெருவில் குழந்தைகளோடு பெரியவர்களும் கத்துவார்கள். நான் மட்டும் கத்தவில்லை. மீதி மாவைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக் கரண்ட் அடுப்பில் பொரித்துக்கொள்ளலாமே. இத்தாலிக்கார அம்மாவும் அதைத்தான் கேட்டது போலிருக்கிறது, கிண்ணத்தைக் காட்டியது. அவர் மாவு உருட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். அந்த அம்மா மறுபடி உட்கார்ந்துகொண்டது.

"என்ன சொன்னீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"இந்தக் கரண்ட நம்பிப் போனா நடு வழியில போயிரும். இங்கயே முடிப்போம்னேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சட்டியைப் பார்த்தேன். காது சூடாகிவிட்டது. அடுப்புச் சூடு என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்தது தேன். ரம் பாட்டிலில் மேல் பர்மாத் தேன், சூரியகாந்திப் பூத் தேன் என்றார்கள். ஆரஞ்சுத் தோலைக் கீறிப் போட்டு, தேன் இளகியதும் இறக்கிவிட வேண்டும். அதை அவர் எனக்குத் தெளிவாகத்தான் சொன்னார். அந்த நேரம் பார்த்து இத்தாலிக்கார அம்மாவுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. எல்லோரும் போனுக்குள் தலையை நீட்டிக் கையாட்டினார்கள். நான் தேனோடு தனியாக இருந்தேன்.

பொரி உருண்டையும் கடலை உருண்டையும் பிடித்த கை இது. பாகு என்று அடுப்பில் வைத்தால், கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டிப் பார்த்து, தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது எனக்குப் பாகே இல்லை. இன்று எல்லாம் சரியாக அமைய வேண்டும், இவர் பார்த்து மெச்ச வேண்டும் என்ற ஆசையில், இளகிய தேனை இறக்காமல் இன்னும் கொதிக்க விட்டேன். நுரைத்தது, நிறம் ஏறியது. தண்ணீரில் விட்டேன். உருட்டினேன். தட்டில் போட்டேன். 'டங்'. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

அவர்கள் திரும்பியதும் பாதி உருண்டைகளைத் தேனில் கொட்டிக் கிளறினேன். பெரிய தட்டின் நடுவில் டீக்கடைக் கிளாஸைக் கவிழ்த்து வைத்து, அதைச் சுற்றி வளையமாக அடுக்க வேண்டும். ஆறியதும் கிளாஸை எடுத்துவிட்டால் நடுவில் ஓட்டை விட்டு மாலை மாதிரி நிற்கும். ஈரக் கையோடு அழுத்தி அழுத்தி அடுக்கினார்கள். மேலே கலர் கலராகச் சர்க்கரை மணிகள் தூவினார்கள். பளபளவென்று நகைக்கடை மாதிரி இருந்தது. டீக்கடைக்காரர் படம் எடுத்துக்கொண்டார்.

ஆறியது. இத்தாலிக்கார அம்மா கிளாஸைப் பிடித்து இழுத்தது. வரவில்லை. திருகியது. கிளாஸோடு வளையமும், வளையத்தோடு தட்டும் சேர்ந்து திரும்பின. அக்கா கரண்டியால் வளையத்தைத் தட்டிப் பார்த்தாள். செங்கல்லைத் தட்டியது போலிருந்தது.

அவர் மெதுவாகக் கேட்டார். "தண்ணியில விட்டுப் பாத்தீங்களா?"

தலையாட்டினேன்.

"டங்குன்னு கேட்டுதா?"

அதற்கும் தலையாட்டினேன். அவர் முகம் விழுந்துவிட்டது. நல்லாப் பொரிப்பார், நம்பிப் போகலாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லிக் கூட்டி வந்தவர் அவர். விருந்தாளிகள் சாயங்காலம் வருகிறார்கள். மீதி உருண்டைகள் இருந்தன, தேன் ஒரு சொட்டு இல்லை. இந்த முகத்தோடு இவர் பஸ் ஏறிப் போவார், நான் கிளாஸைக் கழுவிக்கொண்டு இங்கேயே இருப்பேன் என்று தோன்றியது. அது தோன்றியதும்தான் எனக்கு வாய் வந்தது.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில நல்ல தேன் இருக்கும். போயி வாங்கிட்டு வரேன்."

"நானும் வரேன்," என்றார் அவர். "தேன் நல்லதான்னு பாக்கணும்."

ஒரே சைக்காதான் நின்றது. எங்கள் ஊர் சைக்காவில் சைக்கிளுக்குப் பக்கத்தில் இரண்டு இருக்கை. ஒருவர் முன்னால் பார்த்து உட்கார வேண்டும், மற்றவர் பின்னால் பார்த்து, முதுகோடு முதுகாக. அவர் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால். கடையில் அவர் தேனை விரல் நுனியில் தொட்டு நக்கிப் பார்த்து, சரி என்றார். திரும்பும்போது பாட்டில் என் மடியில் இருந்தது.

பாலத்து இறக்கத்தில் எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்தது. படியில் தொங்கிய பையன் என்னையே பார்த்தான். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவருக்குத் தெரியாது. சைக்காக்காரருக்குத் தமிழ் தெரியாது. இதைவிட நல்ல இடம் எனக்கு ரங்கூனில் கிடைக்காது என்று திடீரென்று புரிந்தது. இதயம் சட்டியில் போட்ட உருண்டை மாதிரி புரண்டது.

"மோல்மீன் போகாதீங்க," என்றேன், பஸ்ஸைப் பார்த்து.

பஸ் ஹாரன் அடித்தது.

"என்னது?"

மறுபடி சொல்ல வேண்டியதாகிவிட்டது, அதுவும் கத்தி. "மோல்மீன் போகாதீங்க. என்னக் கட்டிக்கிறீங்களா?"

சைக்காக்காரர் திரும்பிப் பார்த்தார். பஸ் பையன் பல்லைக் காட்டினான். பாலம் முடிந்தது, கோயில் வந்தது, எங்கள் தெரு வந்தது. அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. முதுகு மட்டும் விலகவில்லை. அதை வைத்துக்கொண்டு நான் என்னென்னவோ நினைத்தேன்.

கடையில் கூட்டம். அக்கா உலக்கையால் பழைய வளையத்தை உடைத்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிளாஸ் எப்படியோ உடையாமல் வெளியே வந்திருந்தது. இத்தாலிக்கார அம்மா ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சிரித்தது.

"நல்லாத்தான் இருக்கு அக்கோ," என்றார் டீக்கடைக்காரர். "பல்லு மட்டும் வேணும்."

என்னோடு சைக்காவில் வந்தவர் நேராக அடுப்புக்குப் போனார். தேனை ஊற்றினார். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். தேன் இளகியதும் இறக்கினார். கிளறிக் கொட்டி, அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கிளாஸைச் சுற்றி அடுக்கினோம். உருண்டைகள் வழுக்கி வழுக்கி ஓடின, விரலெல்லாம் தேன். இரண்டு பக்கமும் வந்து சேரும் இடத்தில் எங்கள் கைகள் இருந்தன.

"தம்பிகிட்ட யாரு சொல்றது?" என்றார், தலையைத் தூக்காமல்.

"நான் சொல்றேன்."

"நீங்களா? எம்மூஞ்சியப் பாத்தே பேச மாட்டேங்குறீங்க. அவன் போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேப்பான்."

"அக்காவக் கூட்டிட்டுப் போறேன்."

"சர்ச்சுக்குப் போறத நான் விட மாட்டேன்."

"நானும் கோயில விட மாட்டேன்."

அவர் என் பக்கத்தில் சரிந்த ஓர் உருண்டையை எடுத்து மேலே வைத்து அழுத்தினார். நான் அவசரத்தில் கிளாஸைப் பிடித்தேன். அவர் என் கைமேல் தட்டினார். "இருங்க. ஆறட்டும். இப்ப எடுத்தா சரிஞ்சிரும்."

ஆற விட்டோம். பிறகு இத்தாலிக்கார அம்மா, நீயே எடு என்று எனக்கு ஜாடை காட்டியது. கிளாஸை லேசாகத் திருகினேன். சத்தமில்லாமல் கையோடு வந்துவிட்டது. வளையம் அப்படியே நின்றது.

கிளாஸைக் கழுவப் பின்பக்கம் போனேன். அக்கா பின்னாலேயே வந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நீ மோல்மீன் வரணும்."

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "எப்ப பஸ்ஸு?" என்றாள்.