இருநூறு பேருக்கும் ஒரே வசனம்: சிவகாசியில் ஒரு சனிக்கிழமை

எங்கள் சபைக்கு அடுத்த வருஷக் காலண்டரும் வாக்குத்தத்த அட்டைகளும் ஆர்டர் கொடுக்க ஓர் ஆள் சிவகாசி போகவேண்டியிருந்தது. செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை எனக்கு டூட்டி இல்லை. நானே போகிறேன் என்று கை தூக்கினேன். சபைக்கு நான் செய்யப்போகும் கடைசி வேலை இதுதான் என்று மனதுக்குள் ஒரு கணக்கு.

வாக்குத்தத்த அட்டை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுப்போம். அந்த வருஷம் கடவுள் நமக்குச் சொல்வது அதுதான் என்று எடுத்துக்கொள்வோம். யாருக்கு எது வந்தது என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை, அவரவர் வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்வோம். இந்த ஜனவரியில் எனக்கு வந்தது, இருக்கிற இடத்தை விட்டுப் புறப்படு என்கிற பொருளில் ஒரு வசனம். பக்கத்தில் நின்ற எஸ்தர் டீச்சரின் அட்டை கண்ணில் பட்டது, அவருக்கும் அதுவே. இரட்டை உறுதி என்று எனக்குப் புல்லரித்துப் போனது.

நான் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டு நர்ஸ். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒடிசா மலைப்பக்கம் முழுநேர ஊழியம் செய்யும் ஒரு குழுவினர் இரண்டு வருஷமாக என்னை வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அட்டை வந்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. விருப்ப ஓய்வு விண்ணப்பம் எழுதியாகிவிட்டது, திங்கட்கிழமை கொடுக்கவேண்டியதுதான் பாக்கி. வீட்டுக்காரர், "உனக்குச் சமாதானம்னா சரி" என்றதோடு நிறுத்திக்கொண்டார். அவர் முகத்தில் சமாதானத்தைக் காணோம்.

காலை 6.20க்கு மாட்டுத்தாவணியில் பஸ். ஐம்பது கிலோமீட்டர், ஐம்பத்தைந்து ரூபாய், விருதுநகரில் இறங்கும்போது 7.40. நிலையத்துக்கு எதிரே இட்லி சாப்பிட்டேன். (எண்ணெய்ப் பரோட்டா தேடிப் போகிறவர்கள் சாயங்காலம் போங்கள், காலையில் கிடைக்காது.) 8.10க்குச் சிவகாசி பஸ், இருபத்தேழு கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். திருத்தங்கல் தாண்டியதும் இரண்டு பக்கமும் பட்டாசுக் கடைப் பலகைகள்தான்.

ஆட்டோக்காரர் எங்கே என்று கேட்கவில்லை. "பட்டாசா, பிரஸ்ஸா?" என்றுதான் கேட்டார். வெளியூர்க்காரர்கள் வேறு எதற்கும் அங்கே வருவதில்லை போலிருக்கிறது. விஸ்வநத்தம் போகும் வழியில் மூன்று கிலோமீட்டர். நூறு கேட்டார், எழுபதுக்கு வந்தார்.

பிரஸ் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்கிறார்கள். நெற்றி நிறைய விபூதி. இருக்கன்குடி மாரியம்மனும் நல்ல மேய்ப்பரும் அச்சான காலண்டர் படங்களாக அடுத்தடுத்த மேசையில் காய்ந்துகொண்டிருந்தார்கள். எந்தச் சபை என்று கேட்டவர், நான் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். போன சீசனில் உங்கள் பெட்டியில் ஒரு தப்பு நடந்துபோனது, யாராவது சண்டைக்கு வருவீர்கள் என்று பார்த்தேன், ஒரு போன்கூட வரவில்லையே என்றார்.

விஷயம் இதுதான். ஒரு பெரிய தாளில் இருபத்துநான்கு வசனம் அச்சாகும். வெட்டினால் இருபத்துநான்கு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் ஒரே வசனம்தான் இருக்கும். அடுக்குக்கு ஒன்றாக எடுத்து, கலந்து, 'செட்' சேர்த்துத்தான் பெட்டியில் போடவேண்டும். எங்கள் பெட்டியில் ஓர் அடுக்கு மொத்தமாகப் போய்விட்டது. இருநூறு அட்டையும் ஒன்றே. எந்த வசனம் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டு மாதம் அந்த அட்டையை வைத்துக்கொண்டு அழுது ஜெபித்திருக்கிறேன்.

செட் சேர்க்கும் பெண்ணை அண்ணாச்சி கூப்பிட்டார். பெயர் பாக்கியம், முப்பது வயதிருக்கும். அவளும் நம்ம ஜனம்தான், சபைக்குப் போகிறவள். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்குச் செட் சேத்துக்கிட்டு இருந்தேங்க்கா. தங்கச்சி வேலை பாக்குற ஆலையில வெடிச்சிருச்சுன்னு போன் வந்துச்சு. கையில இருந்த அடுக்கை அப்படியே பெட்டியில போட்டுட்டு ஓடிட்டேன். பின்னால வந்த புள்ள கவனிக்காம ஒட்டி அனுப்பிருச்சு" என்றாள். பிறகு குரலை இறக்கி, "அந்த வசனத்தை நம்பி ஆராச்சும் எங்கிட்டாச்சும் கெளம்பிட்டாகளா?" என்று கேட்டாள்.

யாரும் கிளம்பவில்லை என்றேன். அந்த நிமிஷம்வரை அது உண்மைதான்.

தங்கைக்கு இரண்டு கையும் வெந்து, மதுரையில் இரண்டு மாதம் ஆஸ்பத்திரி வாசம். இப்போது விரல் மடக்குகிறாளாம். நான் நர்ஸ் என்றதும் பாக்கியத்தின் பேச்சே மாறியது.

"ஆரையாச்சும் அனுப்புங்கன்னு ஆண்டவர்கிட்ட அழுதேன் சிஸ்டர். ஏழு மணிக்கு ஒரு நர்சம்மா கட்டு மாத்த வந்துருவாக. அவுக வராத அன்னைக்கு என் தங்கச்சி கையவே நீட்டமாட்டா. அவுகதான் ஆண்டவர் அனுப்பின ஆளுன்னு அவுகளுக்கே தெரியாது. டூட்டின்னு வந்துட்டுப் போவாக."

அந்த நர்ஸ் நானில்லை. எனக்கு அந்த வார்டுமில்லை. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒன்றை ஒப்புக்கொண்டேன். எனக்கு வார்டு அலுத்துப் போயிருந்தது. அந்த அலுப்புக்கு அழைப்பு என்று பெயர் வைத்திருந்தேன். இருநூறு பேர் அந்த வசனத்தை எடுத்தோம். ஓடிப்போகக் காரணம் தேடிய நான் ஒருத்திதான் பெட்டி கட்டினேன். கடவுளுடைய பெரிய திட்டம் என்றால் அது எங்கேயோ தூரத்தில் ரயிலேறிப் போய்ச் சேரவேண்டியது என்றே நினைத்திருந்தேன். காலை ஏழு மணி டூட்டியும் அதற்குள் வரும் என்று தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

போகிறவர்களுக்கு: அக்டோபருக்குள் ஆர்டர் கொடுத்துவிடுங்கள், தீபாவளி நெருங்கினால் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. மாதிரியைக் கையில் வாங்கி எழுத்துப்பிழை பாருங்கள். பெட்டி வந்ததும் திறந்து ஒருமுறை கலைத்துப் போடுங்கள். மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினால் ஆறுக்குள் மதுரை வந்துவிடலாம்.

ஞாயிறு மதியம் ஒடிசாக் குழுவுக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொன்னேன். அப்படியானால் ஊழியத்துக்கு வருவதாகவே இல்லையா என்று வருத்தமாகக் கேட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக வந்துகொண்டுதான் இருக்கிறேன், நான்தான் கவனிக்கவில்லை என்றேன்.