கண்ணாடியைத் திருப்பிவைக்கும் அக்கா

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கடலோரத்து எங்கள் ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், கம்பெனி ஷெட்டில் ஸ்கூட்டரை நிறுத்திய ஒரு அக்காவிடம் பேசியபோதுதான், நாலு பேர் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நாலாவது வண்டி எதற்கு என்று முதன்முதலாகத் தோன்றியது. அன்று சாயங்காலம் எனக்குப் புது பைக் புக் பண்ணுவதாக இருந்தேன்.

குள்ளமான, பேக்கிங் பிரிவு அக்கா. இறங்கியதும் இரண்டு கண்ணாடிகளையும் மேல்பக்கமாகத் திருப்பி, எட்டிப் பார்த்துச் சரிசெய்தார். பிறகு சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தார்.

"யாருக்குக்கா இது?"

"எம் பொண்ணுக்கு, தம்பி. அவ என்னவிட நெட்டை. பத்து மணிக்கு பஸ்ல வந்து எடுத்துட்டு காலேஜ் போவா. சாயங்காலம் என்னை ஏத்திக்குவா."

"காலைல?"

"விடியக்காலைல எங்க வீட்டுக்காரரு இதுலதான் தேங்காய்த்திட்டு துறைமுகத்துலேர்ந்து மீன் எடுத்தாந்துடுவாரு. சீட்டக் கழுவித்தான் எங்கிட்ட குடுக்கணும்."

மூன்று பேருக்கு ஒரே வண்டி. நான் அசந்துபோனேன்.

"சண்டை வராதாக்கா?"

"வரும். கண்ணாடியத் திருப்ப மறந்தா வரும்" என்று சிரித்தபடி உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் நான் ஷோரூமுக்குப் போகவில்லை. என் அண்ணனுக்கு மதிய ஷிப்ட். அவன் பைக் காலையெல்லாம் வீட்டில் சும்மா நிற்கிறது. எனக்கோ காலை ஷிப்ட்; அவன் கிளம்பும் முன்பே வீடு திரும்பிவிடுவேன். நாளையிலிருந்து அதைக் கேட்டுப் பார்க்கப் போகிறேன். ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது கண்ணாடியைச் சரிசெய்து வைக்க, கூடவே வளர்ந்தவனின் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் அவனை வண்டியில் உட்காரவைத்துப் பார்க்கணும்.