திறக்கலாமாக்கா

பல் தேய்த்த கரி உதட்டோரத்தில் ஒட்டியிருக்க, தோளில் துண்டோடு என் கணவர் வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எதிரே அவருடைய அக்காள், என் மதினி, ஒரு மரப்பெட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தபடி கண்ணை மூடியிருந்தாள். "திறக்கலாமாக்கா?" என்று அவர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அதட்டுகிற குரல் அல்ல அது. என்னிடம் அவர் ஒரு தடவைகூடப் பேசியிராத குரல். மதினி கண்ணைத் திறக்காமலே, "இன்னும் ரெண்டு நாள் பொறுடே" என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு குளிக்கப் போனார். கல்யாணமாகி வந்து நான் பார்த்த முதல் தை மாதம் அது. ஐம்பத்தேழாம் வருஷம். எனக்கு வயது பத்தொன்பது. அடுக்களைச் சன்னலுக்கு உள்ளே நின்று, அவர் வந்து என்னிடம் காப்பி கேட்பார் என்று காத்திருந்தேன். "தம்பிக்குக் காப்பி கலக்கிரு" என்று அதையும் வெளியிலிருந்து மதினிதான் சொன்னாள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், மேலகரத்தில் எங்கள் வீடு. கணவர் தென்காசியில் வாத்தியார். தினமும் சைக்கிளில் போய்வந்தார். மதினி அவரைவிட ஆறு வயது மூத்தவள். அவளைக் கடையநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கொழும்பில் கடை வைக்கப் போன புருஷனிடமிருந்து ஒரு வருஷம் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. அவள் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அந்தச் சமயத்தில் அரசாங்கத் திட்டத்தில் கொடுத்த தேன்பெட்டிகள் ஐந்தை என் கணவர் ஆசைப்பட்டு வாங்கிவந்திருக்கிறார். வாங்கியது அவர், வளர்த்தது அவள்.

எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் மலையிலிருந்து சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அதைத் தொடர்ந்து மார்கழிப் பனி. அந்த மாதங்களில் தேனீக்கள் வெளியே போவது குறைவு. உள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சேர்த்து வைத்ததைத் தின்று உயிரைப் பிடித்திருக்கும். பெட்டிகளின் மேல் ஓலைப்பாயைச் சுற்றி, சிரட்டையில் சீனிப்பாகு வைப்பதோடு சரி, யாரும் மூடியைத் தொடக்கூடாது. தை பிறந்து வெயில் ஏறினதும் பெட்டியைத் திறந்து, கறுத்துப்போன பழைய தேனடையை அறுத்தெறிந்து, அடிப்பலகையைச் சுரண்டிச் சுத்தம் செய்யவேண்டும். தாமதித்தால் மெழுகுப்புழு அடையைத் தின்றுவிடும். அவசரப்பட்டுத் திறந்தாலோ குளிர்காற்று பட்டுக் குஞ்சுகள் செத்துப்போகும். பயந்துபோன ஈக்கள் கூட்டமாகக் கிளம்பிவிடும். அந்த ஒரு நாளைக் கண்டுபிடிப்பதற்குத்தான் தையில் எட்டு நாளோ பத்து நாளோ காலைதோறும் அந்தக் கேள்வி. கேட்பவர் அவர், சொல்பவள் அவள்.

கேள்வியோடு அவர்கள் நிறுத்திக்கொண்டால் நான் பொறுத்திருப்பேனோ என்னவோ. பெட்டிப் பக்கத்தில் நின்றபடியே அவர்களுடைய அம்மா செத்த வருஷத்து மழை, இலஞ்சியில் இருந்த பழைய வீடு, யாரோ ஒரு நொண்டிக் கணக்குவாத்தியார் என்று பேச்சு போகும். எல்லாம் நான் பிறந்தேனா இல்லையா என்ற காலத்துக் கதைகள். அவர் சிரிக்கிற சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்கும். என்னிடம் பேசும்போது அவருக்குச் சோறும் குழம்பும்தான் விஷயம். அக்காளிடம் இத்தனை வார்த்தை, என்னிடம் இத்தனை வார்த்தை என்று நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். மாசியில் முதல் தேன் எடுத்தபோது விரலில் தொட்டு அவர் நீட்டியது அவளிடம்தான். "நல்லாருக்காக்கா?" என்றார். அவள் தலையாட்டிய பிறகே எனக்கு ஒரு கிண்ணத்தில் வந்தது. அந்தத் தேனை நான் ஒரு வாரம் தொடவில்லை. எறும்பு வந்ததும் மதினி எதுவும் சொல்லாமல் எடுத்து வேறு கிண்ணத்தில் மாற்றிவைத்தாள்.

அவள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தலைவலி என்றால் பத்துப்போட்டு விடுவாள். என் அம்மா வீட்டிலிருந்து ஆள் வந்தால் எனக்கு முன்னால் அவள் ஓடிப்போய் வரவேற்பாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் யாரிடமாவது சொல்லி அழுதிருக்கலாம். ஒருநாள், "வந்து பாரேன், ராணியைக் காட்டுதேன்" என்று கூப்பிட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உரலில் ஏற்கெனவே இடித்து முடித்த மாவையே மறுபடி இடித்துக்கொண்டிருந்தேன். அவளிடம் படித்துக்கொள்வதைவிடத் தெரியாமல் இருப்பதே எனக்கு மரியாதையாகப் பட்டது.

மூன்றாவது தையில் சுரண்டையில் அவர்களுடைய சின்னம்மா மகளுக்கு வளைகாப்பு வந்தது. நாலு நாளாக அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "ஈ காலுல பூவோட மஞ்சப்பொடி ஒட்டிக்கிட்டு வருதான்னு பாக்கேன். ஒண்ணு ரெண்டுதான் வருது. நெறைய வரணும்டே, அப்பத்தான் உள்ள குஞ்சு பெருகுதுன்னு அர்த்தம்" என்று அவள் சொன்னதை நானும் கேட்டேன். விடியற்காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என்னிடம், "தம்பி கேட்டாம்னா, நாளைக்கு நான் வந்து சொல்லுதேன்னு சொல்லு" என்றாள். தன் கேள்வியை யாரும் தொட்டுவிடாதபடி பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போகிறவள் மாதிரி எனக்குப் பட்டது.

அவர் பள்ளிக்கூடம் போனதும் நான் பெட்டிப் பக்கம் போய் நின்றேன். ஓர் ஈ மஞ்சள் காலோடு வந்து இறங்கியது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. போதும் என்று முடிவுசெய்தேன். சாயங்காலம் அவர் வந்து சைக்கிளை நிறுத்தும்போது, "இன்னைக்குத் திறந்தாச்சு" என்று சாதாரணமாகச் சொல்லவேண்டும். அதற்கு அவர் முகம் எப்படி மாறும் என்பது வரைக்கும் நினைத்துப் பார்த்துவிட்டேன். ஓட்டை போட்ட தகர டப்பாவில் தேங்காய் நாரைக் கொளுத்திப் புகை போட்டேன். வெயில் இருந்தது. மலைப் பக்கமிருந்து காற்றும் இருந்தது. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மெழுகு ஒட்டியிருந்த மூடியை நெம்பித் திறந்து அடை கட்டியிருந்த ஒரு மரச்சட்டத்தைத் தூக்கினேன். அவள் தூக்குவதைச் சன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் நிமிர்த்திப் பிடிக்காமல் படுக்கைவாட்டில் சாய்த்துவிட்டேன். அடை இற்று மண்ணில் விழுந்தது. அரிசிமணி போல வெள்ளைக் குஞ்சுகள் சிதறிக் கிடந்தன. மணிக்கட்டிலும் கண்ணுக்குக் கீழேயும் ஈக்கள் கொட்டின. அதோடாவது நிறுத்தியிருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் ஏதோ கோளாறு, அடுத்தது சரியாக வரும் என்று இரண்டாவதையும் திறந்தேன்.

சிந்திய தேனின் வாசத்துக்கு மற்றப் பெட்டிகளின் ஈக்கள் கொள்ளையடிக்க வந்தன. வாசல் துவாரத்தில் ஒன்றையொன்று கட்டிப் புரண்டு செத்தன. அவசர அவசரமாக மூடிகளைக் கவிழ்த்துவிட்டு உள்ளே ஓடி வந்துவிட்டேன். மூன்று மணி வாக்கில் ஒரு பெட்டியிலிருந்து ஈக்கள் மொத்தமாக எழும்பின. கொஞ்ச நேரத்தில் அடுத்ததிலிருந்தும். தென்னைகளுக்கு மேலே ஒரு கறுப்புத் துணி உதறுவது மாதிரிச் சுழன்று சிற்றாற்றுப் பக்கம் போய் மறைந்தன. அதன் பிறகு அந்த இடம் அமைதியாகிவிட்டது.

சாயங்காலம் காலிப் பெட்டிகளையும் என் முகத்தையும் பார்த்து என்ன ஆச்சு என்று அவர் கேட்டபோது, "எனக்கு என்ன தெரியும்? முருங்கைக்காய் பறிக்கப் போனேன், கொட்டிருச்சு" என்றேன். அவர் சுண்ணாம்பு எடுத்துவந்து என் கண்ணுக்குக் கீழே தடவிவிட்டார். பகல் வெளிச்சத்தில் அவர் என் முகத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அத்தனை நாசம் செய்துவிட்டு, அந்த நிமிஷத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் மதினி வந்தாள். வளைகாப்புக் கண்ணாடி வளையல்கள் கையில் குலுங்க நேரே பின்பக்கம் போனாள். ஒரு பெட்டியின் மூடி முன்பின்னாக மாறிக் கவிழ்ந்திருந்தது. அதைப் பார்த்தாள். வீங்கியிருந்த என் கண்ணைப் பார்த்தாள். "என்னக்கா ஆச்சு இதுக்கு?" என்று அவர் கேட்டார்.

"நான்தான்டே கெடுத்தேன்" என்றாள் அவள். "நேத்து பஸ்ஸுக்குப் போறதுக்கு முந்தி ஒரு பார்வை பாத்துருவோம்னு திறந்தேன். விடியக்காலப் பனி. புத்தி கெட்டுப் போச்சு."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "விடுக்கா. உனக்கே தப்புதுன்னா வேற யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். பழைய குரலைவிட இன்னும் மெதுவான குரலில்.

அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் காலிப் பெட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தவளிடம் போய், "ஏன் மதினி அப்படிச் சொன்னிய?" என்று கேட்டேன்.

"உன்னைக் காப்பாத்தன்னு நெனச்சியாக்கும்" என்றாள். கையில் இருந்த தகட்டை நிறுத்தவில்லை. "நீ திறந்தன்னு தெரிஞ்சா, நீயும் திறக்கலாம்னு ஆயிரும். இந்த வருஷம் கெடுத்தவ அடுத்த வருஷம் படிச்சுக்கிடுவ. அப்புறம் அவன் உன்கிட்டதான் கேப்பான். நான் கெடுத்தேன்னா, என் பெட்டி, என் தப்பு. அதோட போச்சு."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "உனக்கு அவன் முழுசா இருக்கான் ஏட்டி. எனக்கு வருஷத்துல பத்து நாள், காலையில ஒரு கேள்வி. அது எனக்கு இருந்துட்டுப் போட்டுமே."

இதைக் கேட்டு மனம் இளகியது என்று எழுத ஆசைதான். இளகவில்லை. இரக்கமெல்லாம் எத்தனையோ வருஷம் கழித்து வந்தது. அப்போது முதலில் தோன்றியது, இவளும் என்னைப் பார்த்து வயிறெரிகிறாள் என்ற அற்ப சந்தோஷம். அதன் பின்னாலேயே கோபம் வந்தது. என் புருஷனின் சிரிப்பை எடுத்துக்கொண்டாள், பழைய கதைகளை எடுத்துக்கொண்டாள், இப்போது நான் செய்த தப்பையும் எடுத்துக்கொண்டாள். அதையாவது திருப்பி வாங்கவேண்டும் என்றுதான் சாயங்காலம் அவரிடம் உண்மையைச் சொன்னேன். மனசாட்சி உறுத்தியதால் அல்ல.

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. "அக்கா என்கிட்ட பொய்யா சொன்னா?" என்றார். நான் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. திட்டியிருந்தால்கூட எனக்கு ஏதோ கிடைத்திருக்கும்.

அடுத்த தையில் அவர் யாரிடமும் கேட்கவில்லை. எங்கிருந்தோ தேனீ வளர்ப்பைப் பற்றிய ஒரு சின்னப் புத்தகம் வாங்கிவந்து, இரண்டு வாரம் படித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மீதியிருந்த மூன்று பெட்டிகளையும் திறக்கத் தானே போனார். நானும் மதினியும் அடுக்களைச் சன்னலில் நின்றோம். சின்னச் சன்னல், தோளோடு தோள் உரசித்தான் இரண்டு பேர் பார்க்க முடியும்.

"இன்னும் ரெண்டு நாள் பொறுக்கலாம்" என்று அவள் முணுமுணுத்தாள்.

"நம்மள யாரு கேக்கா மதினி?" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். வந்த நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான். அவர் மூடியைத் தூக்கி, சட்டத்தை நேராகப் பிடித்து உயர்த்தினார். எதுவும் கெட்டுப்போகவில்லை, ஈக்கள் அமைதியாக அடையில் நடந்துகொண்டிருந்தன. அந்தப் பெருமையில் அவர் திரும்பிச் சன்னலைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் நின்றவளின் மூச்சு ஒரு கணம் நின்றது எனக்குத் தெரிந்தது. என் மூச்சும் நின்றது அவளுக்குத் தெரிந்திருக்கும். யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது அவரும் இல்லை, அவளும் இல்லை. அவர் பார்த்தது என்னைத்தான் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லை என்று சொல்வதற்கு ஆளில்லை. ஆனாலும், அப்படி நினைக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு தோள் உரசுகிறது.