வீட்டுக்கு ஒரு டிக்கெட்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. பெங்களூர் கன்டோன்மென்ட் நிலையத்தில் மாரிகுப்பம் வண்டிக்காகக் காத்திருந்தேன். ஒரு நாடகம் பார்க்க நூறு கிலோமீட்டர் போகிறேன் என்றால் என்னைப் பெரிய ரசிகை என்று நினைத்துக்கொள்வீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. பெங்களூரில் டிக்கெட் வாங்க வக்கில்லாமல் கோலார் தங்கவயலுக்கு ஓடுகிறவள், அவ்வளவுதான்.

கரூரிலிருந்து வந்து நாடகவியல் முதுகலை படிக்கிறேன். எங்கள் பேராசிரியருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பருவத்துக்கு மூன்று நாடக விமர்சனங்கள் எழுத வேண்டும், ஒவ்வொன்றோடும் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டை இணைக்க வேண்டும். ஓசியில் பார்த்தவர்கள் குறை சொல்லக் கூச்சப்படுவார்கள் என்பது அவர் கட்சி. இரண்டு விமர்சனங்களை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். மூன்றாவதை மறுநாள் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தத் தாளில் தேற மாட்டேன். தேறாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். அப்புறம் அப்பா ஊருக்குக் கூப்பிடுவதற்கு முன்பே நானாகப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மலிவாக நாடகம் பார்க்க ஒரு மாணவி என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்து பார்த்தேன். பெங்களூரில் சுமாரான நாடகத்துக்கே முந்நூறு ரூபாய், கொஞ்சம் பெயரெடுத்த குழு என்றால் ஐந்நூறு, போதாக்குறைக்கு இணையத்தில் பதிவு செய்கிற கட்டணம் வேறு. மாணவர் சலுகை இருக்கிறது, ஆனால் ஒரு காட்சிக்குப் பத்து இருக்கை. அந்தப் பத்தும் நான் கைபேசியைத் திறப்பதற்குள் யாராலோ வாங்கப்பட்டிருக்கும். கடைசி நிமிடத்தில் மிஞ்சுகிற இடங்களைப் பாதி விலைக்குத் தருவார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு நாள் வாசலில் நின்றேன். இரண்டு நாளும் ஒன்றும் மிஞ்சவில்லை. பார்வையாளர்களை இருக்கைக்கு அழைத்துப் போகிற வேலைக்கு நின்றால் இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் இலவசம் எனக்கு ஆகாதே.

இந்தப் புலம்பலைக் கேட்டுத்தான் எங்கள் நூலகத்தில் வேலை செய்யும் ஒருவர், தினமும் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்து போகிறவர், வழி சொன்னார். "எங்க ஊரு சர்ச் ஹால்ல ஞாயித்துக்கிழமை நாடகம் கீதுமா. சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன்ல எறங்கணும். டிக்கெட் நூறு ரூபாதான்." அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

வண்டியில் கூட்டம் இல்லை. வார நாட்களில் நிற்கவே இடம் கிடைக்காது என்று எதிரே இருந்த பெண்மணி சொன்னார். பங்காருப்பேட்டையில் வண்டி நிதானமாக நின்றது, நிதானமாகத் திரும்பியது, கிளைப் பாதையில் இன்னும் நிதானமாகப் போனது. கோரமண்டல், ஊரிகம் என்று ஒவ்வொரு நிலையமாகக் கடந்து சாம்பியன் ரீப்ஸில் இறங்கியபோது மணி பன்னிரண்டைத் தொட்டிருந்தது. தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் மேடு மேடாகத் தூரத்தில் தெரிந்தது. நாடகம் மூன்று மணிக்கு. ராபர்ட்சன்பேட்டைக்கு ஆட்டோவில் போய் ஒரு பிரியாணி சாப்பிட்டுவிட்டு, இரண்டரைக்கெல்லாம் சர்ச் ஹால் வாசலுக்கு வந்து நின்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக நாடகத்துக்குச் சீக்கிரம் வந்த பெருமை முகத்தில் வழிந்திருக்கும்.

வாசலில் மேசை போட்டு, சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டு ஒருவர் இருந்தார். சாமுவேல் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும்.

"வாங்க, எந்த வூடு?" என்றார்.

"வீடா? நான் பெங்களூர்லருந்து வர்றேன் சார். ஸ்டூடன்ட். ஸ்டூடன்ட் டிக்கெட் இருக்குங்களா?" என்று அடையாள அட்டையை நீட்டினேன்.

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போட்டோ நல்லா வந்துகீது. ஆனா இங்க ஸ்டூடன்ட் டிக்கெட்டுன்னு ஒண்ணும் கெடையாதும்மா. வூட்டுக்கு ஒரு டிக்கெட், அவ்ளோதான்."

அப்போதுதான் விஷயம் விளங்கியது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளை இங்கே லைன் என்கிறார்கள். இந்த ஹாலில் நாடகம் போட்டால் லைன் லைனாகப் போய் வீட்டுக்கு ஒரு டிக்கெட் கொடுப்பது வழக்கம். வீட்டில் இரண்டு பேர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் நூறு ரூபாய். டிக்கெட்டில் வீட்டு எண்ணும் எத்தனை தலை என்பதும் எழுதியிருக்கும். உள்ளே வீட்டுக்கு ஒரு பெஞ்சு. காசில்லை என்று எந்த வீட்டிலும் ஒருத்தரை விட்டுவிட்டு மற்றவர்கள் வரக்கூடாது என்பதற்காகச் சுரங்கம் ஓடிய காலத்தில் செய்த ஏற்பாடாம். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், ஏற்பாட்டை மூடவில்லை.

"அப்ப என்னை ஒரு வீடுன்னு வச்சுக்குங்க சார். நூறு ரூபாய் கொடுத்துடறேன்."

"ஒத்த ஆளு எப்பிடிம்மா வூடாவும்?" என்று நிஜமாகவே குழம்பினார். "டிக்கெட்டும் இல்ல, போன வாரமே குடுத்து முடிச்சிட்டோம். அதனால இன்னா? நீ உள்ள போய் உக்காரு. எங்க ஊரத் தேடி வந்த பொண்ணு, உன்னாண்ட போய் காசு கேப்பமா?"

இந்த அன்புதான் என்னைக் கவிழ்த்தது. உள்ளே போய் உட்கார்ந்தால் நாடகம் உண்டு, டிக்கெட் கிடையாது. டிக்கெட் இல்லாத விமர்சனத்தைப் பேராசிரியர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சும்மா போய்ப் பார் என்கிற மனிதரிடம், ஐயா தயவுசெய்து காசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவரும் விடாமல் வேண்டாம் வேண்டாம் என்றார். மூன்று வாரம் அலைந்த அலைச்சலெல்லாம் சேர்ந்துகொள்ள, பொலபொலவென்று அழுதுவிட்டேன்.

"இன்னா சாமுவேலு, பொண்ண நிக்க வச்சி அழ வுடற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பட்டுப் புடவையும் தோளில் பெரிய கைப்பையுமாக ஒரு பெண்மணி, கூடவே கணவரும் இரண்டு மகள்களும். ஸ்கெலட்டனிலிருந்து வருகிறார்கள். எலும்புக்கூடு என்று பொருள்படும் ஒரு பேட்டையிலிருந்து இவ்வளவு கொழுகொழுவென்று ஒரு குடும்பம் வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் பெயர் ரோஸ்லின், கணவர் தேவராஜ், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூக்கை உறிஞ்சிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"டிக்கெட்டுதான வோணும்? எங்க வூட்டு டிக்கெட்ல வந்துடேன்" என்றார் ரோஸ்லின் ஆன்ட்டி.

"காசு கொடுத்திருந்தாத்தான் செல்லும் ஆன்ட்டி."

"குடு, யாரு வேணான்னாங்க? நாங்க நாலு பேரு, நீ ஒண்ணு, அஞ்சு. உன் பங்கு இருவது ரூபா."

சாமுவேல் தலையைச் சொறிந்தார். "அதெப்பிடி அக்கா? அது உங்க வூட்டு ஆளு இல்லியே."

"காசு போட்டா வூட்டு ஆளுதான். எழுது."

சாமுவேல் டிக்கெட்டில் இருந்த நாலை அடித்து அஞ்சு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். இருபது ரூபாய் நோட்டை ஆன்ட்டி என் கையிலிருந்து வாங்கிக் கைப்பைக்குள் போட்டதைப் பார்த்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே, தேர்வு முடிவு வந்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

நான்கு பேர் பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். மூத்த மகள் ஷீபா பாதி பெஞ்சிலும் பாதி அந்தரத்திலுமாக இருந்தாள். நாடகம் இந்த ஊரில் மட்டுமே எழுதக்கூடியது. மாப்பிள்ளை விடியுமுன் ரயிலேறி பெங்களூர் போகிறவன், இருட்டியபின் வந்து படுக்கையில் விழுகிறவன். வேலூரிலிருந்து தன் மகளைப் பார்க்க வரும் மாமனார், எப்போது வந்தாலும் மாப்பிள்ளை தூங்குவதையே பார்த்து, ஏதோ தீராத வியாதி என்று முடிவு கட்டி வைத்தியரைக் கூட்டி வருகிறார். மாப்பிள்ளையாக நடித்தவர் நிஜத்திலும் ரயிலில் போய் வருகிறவராம். அவர் கொட்டாவி விட்டபோது அரங்கத்தில் பாதிப்பேர் கூடவே விட்டார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். வைத்தியர் வரும் காட்சி மட்டும் இழுத்துக்கொண்டே போனது.

இடைவேளையில் விளக்கைப் போட்டதும் சாமுவேல் ஒரு கூடையோடு வந்தார், பின்னால் டீயும் பன்னும் வந்தன. ஒவ்வொரு பெஞ்சிலும் டிக்கெட்டை வாங்கிக் கூடையில் போட்டு, அதில் எழுதிய தலைக்கு ஒரு பன் கொடுத்தார். டிக்கெட் கூடைக்குள் போய்விட்டால் விமர்சனத்தோடு எதை இணைப்பது? தேவராஜ் அங்கிளோ டிக்கெட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, எங்கள் முறை வருமுன்பே நீட்டிக்கொண்டு தயாராக இருந்தார்.

"அங்கிள், அந்த டிக்கெட்..." என்றேன். இருபது ரூபாய் போட்டவள் ஐந்து பேர் பன்னுக்கு எப்படி உலை வைப்பது?

ஆன்ட்டிக்குப் புரிந்துவிட்டது. கணவர் கையிலிருந்து டிக்கெட்டைப் பிடுங்கி என் மடியில் போட்டார். "பன்னு வேணாம் போ சாமுவேலு. இவருக்கு சுகரு ஏறிக்கீது."

"எனுக்கு நேத்துதான பாத்தாங்க, நார்மல்னாங்களே" என்றார் அங்கிள் பரிதாபமாக.

"நேத்து பன்னு துன்னியா?"

சாமுவேலும் சங்கடத்தோடு நின்றார். "நான் இன்னா பண்ணட்டும்? டிக்கெட்டு வாங்காம குடுத்தா எல்லா வூடும் என்னக் கேக்குமே அக்கா."

அவர் நகர்ந்தார். அங்கிள் மேடைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எழுந்தேன், நிஜமாகவே எழுந்தேன். அதற்குள் முன்பெஞ்சிலிருந்து ஓர் அம்மாள் திரும்பி, தன் பன்னைப் பிட்டுப் பாதியை எங்கள் பக்கம் நீட்டினார். பின்பெஞ்சிலிருந்து இன்னொரு பாதி வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. பன் கிடைக்காத பெஞ்சைப் பார்த்தாலே பிட்டு நீட்டுவது கைக்குப் பழகிப்போயிருக்கிறது போல. ஐந்து பேருக்கு ஏழு பாதிகள் சேர்ந்தன. கணக்கில் மிஞ்சிய பாதிகள் ஆன்ட்டி வேறு பக்கம் பேசிக்கொண்டிருந்தபோது அங்கிள் வாயில் போய்ச் சேர்ந்தன.

ஐந்தரைக்கு நாடகம் முடிந்தது. குடும்பமே ராபர்ட்சன்பேட்டை பேருந்து நிலையம் வரை வந்து என்னை ஏற்றிவிட்டது. கர்நாடக அரசுப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, ஆனால் என் ஆதாரில் கரூர் முகவரி இருப்பதால் எனக்கு உண்டு. நூற்றுச் சொச்சம் ரூபாய் கொடுத்தேன். "அட்ரஸ மாத்திக்கயேன், எங்க வூட்டு அட்ரஸ் தரோம்" என்றாள் ஷீபா. ஆன்ட்டி தன் கைபேசி எண்ணைச் சொல்லி, போய்ச் சேர்ந்ததும் கூப்பிடச் சொன்னார். எங்கள் கரூர்த் தெருவில் பக்கத்து வீட்டுக்கு யார் குடிவந்திருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

இரவே உட்கார்ந்து எழுதி, திங்கட்கிழமை காலையில் கொடுத்துவிட்டேன். அந்த வைத்தியர் காட்சி நீளம் என்பதையும் எழுதினேன். வியாழக்கிழமை விமர்சனம் திரும்பி வந்தது. நல்ல மதிப்பெண். உதவித்தொகை பிழைத்தது. வராந்தாவிலேயே சுவரில் சாய்ந்துகொண்டு பெரிய மூச்சாக ஒன்று விட்டேன்.

கடைசிப் பக்கத்தில் பேராசிரியர் சிவப்பு மையில் இப்படி எழுதியிருந்தார்: "டிக்கெட்டில் ஐந்து பேர் என்று இருக்கிறது. ஒருவருடைய கருத்துத்தானே வந்திருக்கிறது? மற்ற நான்கு பேர் என்ன சொன்னார்கள்?"

சிரித்துக்கொண்டே ஆன்ட்டியைக் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினேன். மறுமுனையில் யார் யாரோ ஒரே நேரத்தில் பேசினார்கள். வைத்தியர் வருவதுதான் நாடகத்திலேயே உசத்தி என்று அங்கிள் கத்தினார், இல்லவே இல்லை என்று ஷீபா கத்தினாள்.

"போன்ல சொன்னா உனக்கு இன்னா புரியும்?" என்றார் ஆன்ட்டி. "ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வந்துடு. நாலு பேரும் சொல்றோம், எழுதிக்கினு போ."

மதிப்பெண் ஏற்கெனவே வந்துவிட்டது. இனி எழுதிக் கொடுக்க ஒன்றும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கவயலில் நாடகமும் இல்லை. எட்டரைக்கெல்லாம் கன்டோன்மென்டில் நின்றேன்.