சைக்கிள் கடைத் திருமலையும் சமுத்திரமும்

"நேரா போ. மூணாவது சந்துல ஒரு வேப்ப மரம். அதுக்கு எதுத்தாப்ல பச்சைக் கதவு."

டயருக்குக் காற்றடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் ஓவர்சீயர் உமாபதி வீட்டுக்கு வழி சொன்னார் திருமலை. அப்படி ஒருவர் ஊரில் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். கேட்டவர் ஊரெல்லாம் அலைந்துவிட்டு வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். "வேப்ப மரமே இல்லீங்களே!"

"வெட்டிட்டானுங்களா? பாவிப் பசங்க!" என்று திருமலை உண்மையாகவே வருத்தப்பட்டார்.

புத்தூர் ரயிலடியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ரயில் இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அவர் முகத்தைத்தான். தமிழில் கேட்டால் தமிழில் பதில், தெலுங்கில் கேட்டால் தெலுங்கில். 'தெரியாது' என்ற சொல் மட்டும் இரண்டு பாஷையிலும் அவர் வாயில் வராது. மெட்ராஸிலிருந்து ஆந்திர ராஜ்யம் பிரிந்த பிறகு, இந்த ஊர் எந்தப் பக்கம் நிலைக்கும் என்று விசாரிப்பவர்களுக்கும் பதில் வைத்திருந்தார். கேட்பவர் முகத்தைப் பார்த்து அது மாறும்.

ராஜ்யம் பிரிந்த மறு கோடையில், பினாங்கில் வாழ்க்கைப்பட்ட மகள் தாட்சாயணி கப்பலேறி வந்தாள். கூடவே மகள் செல்லி, ஒன்பது வயது. தாத்தாவும் பேத்தியும் அப்போதுதான் ஒருவரையொருவர் முதல்முதலாகப் பார்த்தார்கள். பார்த்த நிமிடத்திலிருந்து அவள் கேள்வி கேட்டாள். அவர் பதில் சொன்னார். சொன்னதையெல்லாம் அவள் நம்பினாள். மனைவி செங்கம்மா அவர் பேச்சை நம்புவதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்ததால், திருமலைக்கு இது தலைகால் புரியாத சந்தோஷம்.

பினாங்கில் செல்லியின் வீட்டுக்குப் பின்னாலேயே கடல். அந்த இரைச்சல் இல்லாமல் அவளுக்குப் புத்தூரில் தூக்கம் பிடிக்கவில்லை. "இங்க கடல் இல்லையா தாத்தா?"

"ஏன் இல்ல? கெழக்கால போய்க்கினே இருந்தா தானா வரும். நான் அதுல எவ்ளோ நீஞ்சியிருக்கேன்!"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த செங்கம்மாவின் முறம் அப்படியே நின்றது. ஏரியில்கூட முழங்காலுக்கு மேல் இறங்காத மனிதர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள், புளிச்சோற்றுத் தூக்கோடு நாலு பேரும் பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினார்கள். நாகலாபுரம் தாண்டியதும் செல்லி கேட்டாள்: "மெட்ராஸ் எல்லை வந்துடுச்சா தாத்தா?"

"இப்பதான் வந்துச்சி. பஸ்ஸு ஒரு தூக்கு தூக்கிப் போட்ச்சே, அதான் எல்லை."

வழியில் பள்ளம் நிறைய. செல்லி அன்று பல எல்லைகளைக் கடந்தாள்.

பழவேற்காட்டில் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர் விரிந்து கிடந்தது. திருமலை கையை அகல விரித்தார். "இதான் சமுத்திரம்!"

செல்லி உற்றுப் பார்த்தாள். "அலை எங்க தாத்தா?"

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம இல்ல? அலைக்கு லீவு."

கரையில் வலை உதறிக்கொண்டிருந்த படகுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: "பெரியவரே, இது ஏரி. சமுத்திரம் அந்தாண்ட, மணல் திட்டு தாண்டி."

"தெரியும்யா. கொழந்தைக்கு மொதல்ல சின்னதைக் காட்டிட்டு அப்புறம் பெரிசைக் காட்டலாம்னு இருந்தேன்."

"நைனா, போதும்," என்றாள் தாட்சாயணி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

படகில் கடந்து திட்டில் இறங்கினார்கள். எங்கோ கூட்ஸ் வண்டி போவதுபோல ஒரு சத்தம். ரயிலடிப் பழக்கத்தில் திருமலை தண்டவாளத்தைத் தேடினார். மணல் மேட்டில் ஏறியதும் கால்கள் நின்றுவிட்டன. அவர் கண்கள் எதிர்க்கரையைத் தேடின. கரையே இல்லை. இத்தனை தண்ணீரும் எழுந்து எழுந்து தம்மைப் பார்த்துத்தான் வருகிறது என்று பட்டது.

செல்லி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினாள். "வாங்க தாத்தா, நீந்தலாம்!"

"வேட்டி நனையும் கண்ணு."

அவள் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கணுக்கால் நீரில் நிறுத்தினாள். வந்த அலை திரும்பும்போது அவர் பாதத்துக்கடியில் இருந்த மணலையும் வாரிக்கொண்டு போயிற்று.

"ஐயையோ! தரை போவுது! செங்கம்மா, தரையை இஸ்துகினு போவுதுடி!"

செங்கம்மா மணலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். செல்லி மட்டும் சிரிக்கவில்லை. தாத்தாவை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க கடலைப் பாத்ததே இல்லையா தாத்தா?"

திருமலை வழக்கம்போலக் கேட்பவளின் முகத்தைப் பார்த்தார். தூரத்தில் இன்னொரு அலை, முன்னதைவிடப் பெரிது, முதுகை உயர்த்திக்கொண்டு வந்தது.

"ஓடாதீங்க," என்றாள் செல்லி. "கால அழுத்தி வெச்சு நில்லுங்க. அதுவா போயிடும்."

திருமலை காலை அழுத்தி ஊன்றினார். கடலிலிருந்து கண்ணை எடுக்காமல், பேத்தியின் பாவாடை நுனியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.