மருந்து டிரம்முக்கு ஒரு வடிகட்டி

பூச்சிமருந்து டிரம்முக்குள் விடும் குழாய்க்கு வடிகட்டி செய்வதற்காக, காய்ச்சிய ஆணியால் பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டேன். கருகல் வாசனை எழுந்ததும் நினைவில் எங்கள் பழைய அடுப்படிக்கே போய்விட்டேன்.

நான் அப்போது சிறுமி. கடலைக்கு மருந்தடிக்கையில் கண்மாய்த் தண்ணீரின் பாசி, மருந்து பீய்ச்சும் நாசிலை அடைத்துக்கொண்டே இருக்கும். அப்பா அதைக் கழற்றி வாயால் ஊதுவார். ஒருநாள் மருந்து உள்ளே போய், வரப்பிலேயே நுரை தள்ளி விழுந்தார். திருமயம் ஆஸ்பத்திரியில் எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

அவர் வீடு திரும்பிய அன்றே அம்மா அடுப்பில் ஆணியைக் காய்ச்சினாள். பிளாஸ்டிக் பவுடர் டப்பா முழுக்கத் துளை போட்டு, தன் நைலக்ஸ் சேலையைக் கிழித்துச் சுற்றி, மருந்தை உறிஞ்சும் குழாய் முனையில் கட்டினாள்.

“நல்ல சேலையில்ல அது?” என்றார் அப்பா.

“சேலை கடையில கெடைக்கும். இனிமே அந்த நாசிலை வாயில வச்சீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்.”

அதற்குப் பிறகு நாசில் அடைக்கவில்லை. அப்பாவும் ஊதவில்லை.

கடைசித் துளையைப் போட்டு நிமிர்ந்தேன்.

“டீ ஆறுது, வா ஆத்தா!” என்று வரப்பிலிருந்து அப்பா கூப்பிட்டார். எண்பது வயதிலும் கணீரென்ற அந்தக் குரல், அம்மா எனக்கு விட்டுவிட்டுப் போனது.