லைட்டை இறக்கித் தந்தவர்

பூச்சி கருகும் வாசனைதான் அப்பா வந்துவிட்டதை எனக்கு முதலில் சொல்லும். செம்மங்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் லாரி வந்து நின்றதும் ஓடிப்போய் முன்னால் நிற்பேன். வழியெல்லாம் மோதிய ஈசலும் வண்டும் ஹெட்லைட் கண்ணாடியின் சூட்டில் ஒட்டிக்கிடக்கும்.

நான் ஐந்தாவது படித்த வருஷம், மரக்கிளை இடித்து உடைந்த ஒரு விளக்கை வழியோரக் கடையொன்றில் மாற்றிக்கொண்டு வந்தார் அப்பா. புதியதன் வெளிச்சம் ரோட்டில் விழாமல் தூக்கலாக நின்றது. "எதுர்ல வர்றவனெல்லாம் லைட்ட அடிச்சி அடிச்சிக் காட்றான்" என்று சாப்பிடும்போது சொல்வார். அதை இறக்கும் திருகோ, விரல் நுழையும் அளவே இருந்த ஒரு குழிக்குள் இருந்தது. அவருடைய டூல்ஸ் பெட்டியிலிருந்த எந்த ஸ்பேனரும் உள்ளே போகவில்லை. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றே ஒரு வாரம் போனது.

ஒருநாள் விளக்கு வைக்கும் நேரம், நெல் மூட்டைகளோடு கீரப்பாளையம் ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது, எதிரே மொபெட்டில் வந்தவர் கண்கூசித் தடுமாறி வாய்க்காலில் விழுந்துவிட்டார். அப்பா லாரியை நிறுத்தி, சேற்றிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டுபோய் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இடது கை முறிந்திருந்தது. அவர் பெயர் கலியமூர்த்தி. அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸ் வீடுகளில் கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்ப்பவர்.

"ஒரு திருகாணிக்காக ஒரு ஆளக் கொன்னுருப்பேன்டி" என்று சேறு காயாத சட்டையோடு அப்பா சொன்னபோது, அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அதன்பிறகு பொழுது சாய்ந்தால் அவர் வண்டி எடுக்கவில்லை. கடலூரில் அவர் ஏறி இறங்காத பட்டறை இல்லை. குழிக்குள் நுழைந்த ஸ்பேனர் திருகைப் பிடிக்கவில்லை, திருகைப் பிடிக்கக்கூடியது குழிக்குள் நுழையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழங்களோடு கலியமூர்த்தியின் வீட்டுக்குப் போனபோது என்னையும் அழைத்துப்போனார். கலியமூர்த்தியின் மனைவி எங்களை உட்காரச் சொல்லவில்லை. அப்பா நின்றபடியே, "தப்பு என்னுதுதாங்க. லைட்டு ஒசந்து நிக்கிறது தெரிஞ்சேதான் ஓட்டுனேன்" என்றார்.

கலியமூர்த்தி கட்டுப்போட்ட கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். "இன்னும் அப்டியேதான் நிக்கிதா?" என்றார். அப்பா குழியைப் பற்றிச் சொன்னதும், "எம்மாம் ஆழம்?" என்று கேட்டுவிட்டு, மனைவியைத் தன் டூல்ஸ் பையை எடுத்துவரச் சொன்னார்.

"தள்ளிவுட்டவருக்கே ரிப்பேரா?" என்றார் அந்த அம்மா.

"நாளைக்கு அந்த ரோட்டுல நானுந்தான வரணும்."

ஒற்றைக் கையால் பையைக் கவிழ்த்து, அடுப்பின் பர்னருக்கு அடியில் கேஸைப் பீய்ச்சும் "ஜெட்"டைக் கழற்றுகிற, பென்சில்போல நீண்டு மெலிந்த ஒரு "டி ஸ்பேனரை" எடுத்தார். கொடுத்தனுப்புவார் என்று நினைத்தோம். சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறிவிட்டார்.

ரோட்டில் ஓடுவதுபோலவே மூட்டை ஏற்றி அப்பா லாரியை எங்கள் வீட்டுச் சுவருக்கு எதிரே நிறுத்த, விளக்கின் உயரத்துக்கு அம்மா கரியால் கோடு போட்டாள். ஸ்பேனர் குழிக்குள் வழுக்கிப்போய்த் திருகைக் கவ்வியது. அப்பா திருகத் திருக, ஓட்டின் மேல் நின்ற வெளிச்சம் நழுவிக் கோட்டுக்குக் கீழே வந்தது. ஆனால் கலியமூர்த்திக்குத் திருப்தி இல்லை. லாரியைத் தெருப்பக்கம் திருப்பச் சொல்லி, எங்கள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய், மொபெட்டில் உட்காருவதுபோல லாரியைப் பார்த்து உட்கார்ந்தார்.

"போடுங்க!" என்றார். அப்பாவின் கை சுவிட்சுக்குப் போகவில்லை. "அவரே சொல்றாரில்ல, போடுங்களேன்" என்றாள் அம்மா.

இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அப்பா நாலுமுறை இறங்கித் திருகி ஏறினார். அந்திவெளிச்சம் மிச்சமிருந்தது. கடைசியில் தெருக்கோடியிலிருந்து குரல் வந்தது: "போதுங்க டிரைவரே. இப்ப ஒங்க மொகம் தெரியுது."

அப்பா லைட்டை அணைத்து இறங்கி, தெருக்கோடிவரை போய் அந்த ஸ்டூலைத் தானே தூக்கிவந்தார். அன்றிரவு எங்கள் வீட்டில்தான் கலியமூர்த்திக்குச் சாப்பாடு. மீனில் முள்ளெடுத்துக் கொடுத்தது அப்பா. அடுத்த பொங்கலுக்குள் எனக்கு அவர் மாமா ஆகிவிட்டார்.

இப்போது அந்த லாரியும் இல்லை, அப்பாவும் இல்லை. இன்றைய வண்டிகள் பலவற்றில் டிரைவர் கைக்கெட்டும் இடத்திலேயே லைட்டை ஏற்றி இறக்க ஒரு பொத்தான் இருக்கிறதாம். வேலை முடிந்து ஸ்கூட்டரில் திரும்புகையில் எதிரே வரும் வண்டியின் வெள்ளை வெளிச்சம் கண்ணை மறைத்தால், ஓரமாக நிறுத்தி, அது கடந்துபோகும்வரை ஒரு காலை ஊன்றிக் காத்திருக்கிறேன்.